மார்க் என்ன, அண்ணாச்சி?

போன இதழில் "சிறுதொழில் செய்கிறவர்கள் பெயர், லேபிள், போர்டு, லோகோ பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள்" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டோம். வந்த கடிதங்களுக்கு ஒரு ரப்பர் பேண்டு போதவில்லை. பதில் சொல்லும் எனக்குப் பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. சிவகாசிப் பக்கம் ஒரு லேபிள் அச்சகத்தில் 22 வருடம் பிளேட்டும் ப்ரூஃபுமாக நின்றவன், அவ்வளவுதான். எந்த லேபிள் மறுபடி மறுபடி ஆர்டர் வந்தது, எது ஒரே தடவையோடு நின்றது என்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி செய்து மாதம் 60 கிலோ வரை விற்கிறேன். இதுவரை கையால் எழுதிய ஸ்டிக்கர்தான். ஒரு டிசைனர் லோகோ, கலர், விசிட்டிங் கார்டு எல்லாம் சேர்த்து 'பிராண்ட் கிட்' என்று 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, திருச்சி

தங்கச்சி, 60 கிலோவில் கிலோவுக்கு 100 ரூபாய் உங்கள் கையில் நிற்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 6,000. அவர் கேட்பது உங்கள் மூன்று மாத உழைப்பு. டிசைனர் வாங்குவது தப்பில்லை, அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு நல்ல லேபிள். லோகோ அதற்குள்ளேயே பிறந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும், லேபிள் வேண்டுமென்றால் அச்சு வேண்டும். சிவகாசியில் அச்சுத் தொழில் வேர்பிடித்தது அப்படித்தான். அந்த நாளில் தீப்பெட்டி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அதனால் லேபிளில் அணில், சேவல், கிளி, மான், சாவி, கத்தரிக்கோல் என்று கண்ணுக்குத் தெரிந்த ஒரு பொருள் இருக்கும். "அணில் மார்க் குடு", "சேவல் மார்க் இருக்கா?" என்று கேட்டு வாங்கினார்கள். கம்பெனியின் முழுப்பெயர் கடைக்காரருக்கே தெரியாது. பட்டாசில் அணிலும் சேவலும் இன்றைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது பிராண்ட் ஐடென்டிட்டி என்று சொல்கிறார்களே, அதற்கு நம் ஊரில் 'மார்க்' என்று மூன்றெழுத்தில் பெயர் வைத்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது.

உங்கள் பொடிக்கும் அந்த மாதிரி ஒரு அடையாளம் போதும். மளிகைக் கடையில் நிற்கிற அம்மாவுக்கு உங்கள் பெயர் சட்டென்று வாயில் வராது. "அந்த மஞ்சப் பாக்கெட், உரல் படம் போட்டிருக்குமே" என்றுதான் கேட்பார். அந்த 'அந்த' எது என்று முடிவு செய்யுங்கள். ஒரு நிறம், ஒரு படம். மூன்று பொடிக்கும் மூன்று டிசைன் போடாதீர்கள், லேபிள் ஒன்றாக இருக்கட்டும், பெயர் எழுதும் பட்டையின் நிறம் மட்டும் மாறட்டும்.

அடுத்து, இடம். லேபிள் முழுக்க நமக்குச் சொந்தம் என்று நினைத்துத்தான் எல்லோரும் டிசைன் போடுகிறார்கள், அப்புறம் கடைசி நிமிடத்தில் 14 இலக்க உணவு உரிம எண், பச்சைப் புள்ளி, நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எவ்வளவு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், சேர்மானப் பட்டியல், சத்துகளின் அளவு, முகவரி, புகார் சொல்ல போன் நம்பர் என்று ஒவ்வொன்றாகத் திணித்து, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். கட்டாயமானதை முதலில் ஒரு தாளில் எழுதிப் பெட்டி கட்டுங்கள். மிச்ச இடத்தில் படம் போடுங்கள்.

அச்சடித்த பவுச்சுக்கு இப்போது போகாதீர்கள். அதில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு அச்சு உருளை (சிலிண்டர்) செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரும் உங்களுக்குத் தாங்காது. வெறும் ஜிப்லாக் பவுச் வாங்கி நல்ல ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஸ்டிக்கருக்கு மேலே 'கிளாஸ்', அதாவது பளபளப்பு லேமினேஷன் கேளுங்கள். மேட் லேமினேஷன் ஆல்பத்தில் அழகு, பொடி பாக்கெட்டில் அந்த மிளகாய்த் தூளும் விரல் பிசுக்கும் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தில் அழுக்காகத் தெரியும். கிளாஸ் என்றால் கடைக்காரர் துண்டால் ஒரு துடை துடைத்தால் பளிச்.

ஸ்டிக்கரை மொத்தமாக அடிக்கும் முன்னால் ஒன்றே ஒன்று அடித்து, பாக்கெட்டில் ஒட்டி, தெரிந்த மளிகைக் கடை அலமாரியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணில் படவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். 18,000 ரூபாய்க்குச் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதைத்தான்.

மரச்செக்கு எண்ணெய் தொழில் ஆரம்பிக்கிறோம். பெயருக்கு வீட்டில் மூன்று கட்சி. அப்பா: 'சுத்தமான செக்கு எண்ணெய்'. நான்: ஏதாவது ஒரு 'நேச்சுரல்ஸ்'. மனைவி: மகள் பெயர். நியூமராலஜி பார்த்தவர் ஆங்கிலத்தில் இரண்டு ஏ, மூன்று ஐ சேர்க்கச் சொல்கிறார். எது சரி?
— வாசகர், காங்கயம்

அப்பா கட்சி முதலில் அவுட். 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்பது பொருளின் வர்ணனை. அதை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது, டிரேட்மார்க் அலுவலகமும் சாதாரணமாகத் தராது. பொருளையும் தரத்தையும் சொல்கிற வார்த்தை எல்லா வியாபாரிக்கும் பொது என்பதுதான் 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் கணக்கு. பல வருடம் புழங்கி, அந்த வார்த்தையைக் கேட்டாலே உங்கள் கடைதான் ஞாபகம் வரும் என்று நிரூபித்தால் கிடைக்கும். நேற்று ஆரம்பித்தவருக்கு அந்த வழி கிடையாது. சாமி பெயர், புராணப் பெயர் வைப்பதானாலும் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். 'ராமாயண்' என்று ஊதுபத்திக்குப் பதிவு கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கே என்று உரிமை கொண்டாட முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் 'நேச்சுரல்ஸ்' கட்சியைப் பற்றி நான் என்ன சொல்ல, தம்பி. எங்கள் அச்சகத்துக்கு ஒரு மாதத்தில் ஐந்து 'நேச்சுரல்ஸ்' வரும். ஐந்துக்கும் பச்சை நிறம், ஐந்துக்கும் ஒரு இலை. பார்சல் கட்டும்போது எங்கள் பையன்களே மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

மனைவி சொல்வதில் விஷயம் இருக்கிறது. அகமதாபாத்தில் 1969-இல் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் சலவைத்தூள் கலந்து விற்க ஆரம்பித்தபோது மகள் நிருபமாவின் பெயரிலிருந்துதான் 'நிர்மா'வை எடுத்தார். நம்ம கடலூர் ரங்கநாதன் 'சிக்' ஷாம்பு என்று வைத்தது அப்பா சின்னிகிருஷ்ணனின் பெயரிலிருந்து. திருப்பூர் ராம்ராஜ், அப்பா ராமசாமியில் பாதி, மகன் நாகராஜனில் பாதி. மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். பெயரை அப்படியே தூக்கி வைக்கவில்லை, வெட்டி ஒட்டி, வேறு யாரிடமும் இல்லாத ஒரு சொல்லாக்கியிருக்கிறார்கள். உங்கள் மகள் பெயர் ஊரில் நாலு பேருக்கு ஒன்று என்கிற மாதிரிப் பெயராக இருந்தால் நீங்களும் அப்படிக் கொஞ்சம் விளையாடிப் பாருங்கள்.

நான் சொல்லுகிற சோதனை போன் சோதனை. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு ஒருவருக்குப் போன் போட்டுப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவர் அதைத் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். "என்னது? இன்னொரு வாட்டி சொல்லு" என்றால் அந்தப் பெயர் வேண்டாம். இதே காரணத்துக்காகத்தான் இரண்டு ஏ, மூன்று ஐ விவகாரமும் எனக்கு ஒப்பாது. நியூமராலஜி பலிக்குமா பலிக்காதா என்ற வம்புக்கு நான் வரவில்லை, ஆனால் கூகுளில் தேடுகிறவர் மூன்றாவது ஐ போடமாட்டார், போடாவிட்டால் நீங்கள் அவருக்குக் கிடைக்கமாட்டீர்கள். நம்பிக்கை விடாது என்றால் போர்டைத் தமிழில் எழுதுங்கள், தமிழில் யாரும் எழுத்தைக் கூட்டிக் கழிப்பதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.

அப்பா 31 வருடமாக நடத்தும் மெஸ். போர்டில் ஸ்ரீ என்று ஆரம்பிக்கும் ஒரு சாமி பெயர், ஆனால் ஊரே 'பம்புசெட் மெஸ்' என்றுதான் சொல்கிறது (பழைய பம்புசெட் அறையில் ஆரம்பித்தது). நான் பொறுப்பெடுத்து நவீனமாகப் பெயர், கலர், போர்டு எல்லாம் மாற்ற நினைக்கிறேன். அப்பா பேச்சே கொடுக்கமாட்டேன் என்கிறார்.
— வாசகர், திண்டுக்கல்

அப்பா பேசாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அவருக்கு அதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். நான் சொல்கிறேன், என் சொந்தக் கதையாக.

என் சித்தப்பா பலசரக்குக் கடையில் சொந்தமாகத் தேயிலைத்தூள் கலந்து 50 கிராம், 100 கிராம் பாக்கெட் போடுவார். சிவப்பு லேபிள், குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை, நடுவில் ஒரு கெட்டில். அவ்வளவு அழகு என்று சொல்ல முடியாது, கெட்டில் கொஞ்சம் வாத்து மாதிரி இருக்கும். நான் அச்சகத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன திமிரில், "சித்தப்பா, இது என்ன டிசைன், நான் பார்த்துக்கிறேன்" என்று கரும்பச்சையில் தங்க நிறக் கோடு போட்டு, கெட்டிலை எடுத்துவிட்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் வைத்து 10,000 லேபிள் அடித்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு அது காவியம். பத்தே நாளில் பாக்கெட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. "இது அந்தத் தூள் இல்ல அண்ணாச்சி, டூப்ளிகேட்டு. டிக்காஷனே இறங்கல" என்று ஒரு அம்மா சண்டையே போட்டார். அதே தூள், அதே சித்தப்பா, அதே தராசு! சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய பிளேட்டை எடுத்து மறுபடி சிவப்பு அடிக்கச் சொன்னார். மிஞ்சிய பச்சை லேபிள் 8,000 சொச்சம். அதன் பின்பக்கத்தில் கடையை மூடுகிற வரைக்கும் பாக்கிக் கணக்கு எழுதினார். போகும்போதெல்லாம் என் கண்ணில் படும்.

ஆகவே தம்பி, முதல் வேலையாக, போர்டில் 'பம்புசெட் மெஸ்' என்று பெரிதாக எழுதுங்கள். ஊர் வைத்த பெயர் காசு கொடுத்தாலும் கிடைக்காது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் ஒரு மங்கிய விளக்கோடு திறக்கிற அல்வாக் கடைக்கு 'இருட்டுக்கடை' என்று பெயர் வைத்தது சனங்கள்தான், பெயர்ப்பலகையே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அங்கே கூட்டம் நிற்கிறது. வெளிச்சம் இல்லை என்பது ஒரு குறை, அந்தக் குறைதான் அடையாளம். நாளைக்கே யாராவது அங்கே டியூப்லைட் மாட்டிப் பளிங்குத் தரை போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாமி பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அது உரிமத்திலும் பில்லிலும் மேலே சின்னதாக இருக்கட்டும், அப்பாவுக்கும் மனசு ஆறும். அப்புறம், ஒரு வாரம் மதியம் கல்லாவில் உட்கார்ந்து கவனியுங்கள். வெளியூர்க்காரருக்கு வழி சொல்கிறவர் எதைச் சொல்லி வழி சொல்கிறார்? சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்? இலையா, மீன் குழம்புச் சட்டியா, உங்கள் அப்பா "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்கிற விதமா? அதைத் தொடாதீர்கள். மீதியெல்லாம் மாற்றலாம்: கை கழுவும் இடம், கழிவறை, மின்விசிறி, யுபிஐ. இவற்றை மாற்றியதற்காக எந்த மெஸ்ஸும் வாடிக்கையாளரை இழந்ததில்லை.

ஆரி வேலை, பிளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறேன். லோகோ போட்டுக்கொடுத்தவருக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இப்போது போர்டு போடக் கொண்டுபோனால் 'எழுத்தெல்லாம் உடையுது, ஒரிஜினல் ஃபைல் கொண்டா' என்கிறார் ஃபிளெக்ஸ்காரர். டிசைனர் ஃபைலுக்குத் தனியாக 5,000 கேட்கிறார். நியாயமா?
— வாசகி, கரூர்

நியாயமா என்றால் எனக்கே எரிச்சல்தான். சட்டப்படி அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வரைந்தால் அந்தப் படம் முதலாளியான உங்களுடையது. வெளியாள் வரைந்தால், நீங்கள் காசு கொடுத்திருந்தாலும், எழுதி வாங்காதவரை பதிப்புரிமை பொதுவாக அவரிடமே நிற்கிறது. இது 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம். காசு கொடுத்தாச்சு, பொருள் நம்முடையது என்ற கடைத்தெருக் கணக்கு இங்கே செல்லாது.

அதனால் பேரம் பேசி முடியுங்கள், ஆனால் இந்தத் தடவை ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. எழுதுகிற விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால் "இந்த லோகோவின் முழு உரிமையையும், பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இது செல்லும்" என்று எழுதி, தொகை, தேதி, இருவர் கையெழுத்து. லோகோவையும் அதே தாளில் அச்சடித்து ஒட்டிவிடுங்கள்.

ஃபைல் என்று கேட்கும்போது வெக்டர் ஃபைல் என்று கேளுங்கள். கோரல் டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ செய்த மூல ஃபைலும், கூடவே ஒரு பிடிஎஃப்பும். வெக்டர் என்றால் தீப்பெட்டியிலும் அடிக்கலாம், இருபதடி போர்டிலும் அடிக்கலாம், விளிம்பு உடையாது. இன்னொன்று, எழுத்துகளைக் 'கர்வ்ஸ்' ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஃபிளெக்ஸ் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும். டிசைனர் பாமினி எழுத்துருவில் உங்கள் கடைப் பெயரை அடித்திருப்பார், ஃபிளெக்ஸ்காரர் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்காது, திரையில் தமிழுக்குப் பதிலாக நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். அவசரத்தில் அவர் வேறு ஏதோ ஒரு எழுத்துருவில் புதிதாக அடித்துப் போட்டுவிடுவார். அப்படித்தான் ஒரே கடைக்குப் போர்டில் ஒரு எழுத்து, பையில் ஒரு எழுத்து, பில்லில் ஒரு எழுத்து என்று ஆகிறது.

எழுத்துரு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. முக்தா மலர், கட்டமரன், பாலு தம்பி, மீரா இனிமை என்று யூனிகோட் தமிழ் எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன, திறந்த உரிமம் என்பதால் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஆரி கடைக்கு வளைவும் நெளிவுமாக வேண்டும் என்று ஆசை வரும். பிளவுஸ் கழுத்துக்குள் தைக்கிற நெய்த லேபிள் ஒரு அங்குலம்தான், அதில் அந்த நெளிவெல்லாம் நூல் முடிச்சாகத் தெரியும். லோகோவை ஒரே நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி அடித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேக்கரிக்கு 12 வருடம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி எங்கள் பெயருக்கு முன்னால் 'நியூ' சேர்த்து ஒருவர் கடை திறந்துவிட்டார். நாங்கள் டிரேட்மார்க் பதிவு செய்யவில்லை. இனிமேல் செய்து பிரயோஜனம் உண்டா? பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கடைசிக் கேள்விக்கு முதலில்: போடக்கூடாது. வட்டத்துக்குள் ஆர் என்றால் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். பதிவாகாமல் போட்டால் சட்டப்படி தவறு, தண்டம் கட்ட நேரிடும். டிஎம் என்று சின்னதாகப் போட்டுக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பதிவு செய்யவில்லை என்பதற்காகக் கை கட்டி நிற்க வேண்டாம். நம் நாட்டில் முதலில் புழங்கியவருக்கு மதிப்பு உண்டு. அவர் நாளைக்கே ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும், அதற்கு வெகுமுன்பிருந்து தொடர்ந்து புழங்கிவருகிற உங்களை அந்தப் பதிவைக் காட்டி நிறுத்த முடியாது. அடுத்தவன் பெயரில் தன் சரக்கை விற்கிறான் என்று நீங்களும் வழக்குப் போடலாம். ஆனால் 12 வருடம் என்று வாயால் சொன்னால் ஆகாது. பழைய பில் புத்தகம், கேக் பெட்டியில் அச்சடித்த அச்சகத்து ரசீது, கோயில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம், உணவு உரிமம், மின் கட்டண அட்டை, முதல் ஆயுதபூஜைக்கு எடுத்த கடை போட்டோ, எது அகப்படுகிறதோ அதையெல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். இன்றைக்கே. கரையான் யாருக்கும் காத்திருக்காது.

அப்புறம் பதிவு. மத்திய அரசின் சிறுதொழில் பதிவான 'உத்யம்' இலவசம், முதலில் அதை வாங்குங்கள். டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குத் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. வகுப்பு என்பது பொருள் அல்லது சேவையின் வகை, மொத்தம் 45. ரொட்டி, பிஸ்கட், மசாலா வகையெல்லாம் 30-ஆம் வகுப்பு, உட்கார்ந்து சாப்பிடும் கடை என்றால் 43. (மேலே எழுதிய செக்கு எண்ணெய்க்காரருக்கு 29, பம்புசெட் மெஸ்ஸுக்கும் 43.) விண்ணப்பிக்கும் முன்னால் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், உச்சரிப்பு ஒன்றுபோல இருக்கிற பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஏற்றுக்கொண்டால் அவர்கள் இதழில் வெளியிடுவார்கள், அதன்பிறகு 4 மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். தடை எதுவும் இல்லாமல் முடிந்தால் 10 வருடத்துக்குப் பதிவு, அப்புறம் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். லோகோ, பெயர் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பெயரை வெறும் சொல்லாகப் பதிவு செய்யுங்கள், நாளை லோகோவை மாற்றினாலும் அது நிற்கும்.

வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு தடவை வணிகர் சங்கத்துப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் நேரில் பேசிப் பாருங்கள். 'நியூ' போட்டவர்களில் பாதிப் பேர், பக்கத்துக் கடை பெயர் ராசியாக இருக்கிறதே என்று வெள்ளந்தியாக வைத்தவர்கள்தான். மீதிப் பாதியைப் பற்றி நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அம்மா மணப்பாறைக்காரர். அவர் கைப்பக்குவத்தில் முறுக்கு சுட்டு சென்னையில் விற்கிறோம். பாக்கெட்டில் 'மணப்பாறை முறுக்கு' என்று போடலாமா?
— வாசகி, சென்னை

போடாதீர்கள் அம்மா. மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும் கிடைத்த மாதிரி. அந்தப் பெயர் அந்த ஊர்க்காரர்களின் கூட்டுச் சொத்து. குறிப்பிட்ட எல்லைக்குள் செய்கிறவர்கள், அதிலும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவர்கள்தான் அந்தப் பெயரையும் குறியீட்டையும் உரிமையோடு போடலாம். சென்னைத் தண்ணீரில் சென்னை அடுப்பில் சுட்டதை அப்படிச் சொன்னால் வம்பு வரும், வராவிட்டாலும் அங்கே வேகிற வெயிலில் இரண்டு தடவையாகப் பொரித்தெடுக்கிறவர்களுக்கு அது நியாயம் இல்லை.

உங்களிடம் அதைவிட நல்லது ஒன்று இருக்கிறதே. அம்மாவை உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அப்பத்தாவா, அம்மாச்சியா, அம்மாயியா? அந்த ஒரு சொல்லோடு ஊரில் யாரும் வைக்காத ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பெயராக்குங்கள். கதையை வேண்டுமானால் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதலாம், அதையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அச்சடியுங்கள்.

சில்லறைக் கேள்விகள், சேர்த்தே பதில்:

*போர்டு தமிழிலா, ஆங்கிலத்திலா?* (திருப்பூர்) தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் வடநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய வாங்க வருகிறார்கள் என்றால் கீழே இந்தியும் போடுங்கள், வியாபாரத்தில் என்ன வீம்பு.

*ஸ்லோகன் அவசியமா?* (மன்னார்குடி) 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று எழுதப்போகிறீர்கள் என்றால் அவசியமில்லை. அந்த இடத்தில் கடை நேரத்தையும் எந்தக் கிழமை லீவு என்பதையும் எழுதுங்கள், போனில் அதைத்தான் கேட்கிறார்கள்.

*இன்ஸ்டாவில் 9,000 பேர் தொடர்கிறார்கள், வியாபாரம் இல்லை.* (சேலம்) அதில் உங்கள் ஊர்க்காரர் எத்தனை பேர்? கூகுள் மேப்பில் கடையை ஏற்றியிருக்கிறீர்களா? அதற்குக் காசு கிடையாது. சரியான பெயர், சரியான நேரம், கடை முகப்பின் ஒரு போட்டோ. வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு பொருள் பட்டியல். ரீல்ஸில் ஆடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

*லோகோவில் என் போட்டோ போடலாமா?* (புதுக்கோட்டை) போடலாம். ஆனால் இன்றைக்கு எடுத்த போட்டோவைக் கோட்டோவியமாக மாற்றிப் போடுங்கள். 15 வருடம் கழித்துத் தலைமுடி விஷயத்தில் வாடிக்கையாளர் சந்தேகப்படமாட்டார்.

*நீங்கள் அடித்ததிலேயே உங்களுக்குப் பிடித்த லேபிள் எது, அண்ணாச்சி?* (ராஜபாளையம்) அந்த வாத்து மாதிரிக் கெட்டில்தான். பிளேட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.